பவுடர் ஊதிய கைகளும் ஆப்பிரிக்க வண்டும்

காலைப் பனி விலகி வெயில் ஏறுகிற நேரத்தில் செம்பனைக் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு ஒரு வாசனை தெரியும். அடுப்பங்கரையில் சோம்பு வறுத்தால் வருமே, ஏறக்குறைய அதே வாசனைதான். எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், மட்டை இடுக்கிலே விரல் விரலாக நீண்டு, வெளிர்மஞ்சள் நிறத்தில் ஆண்பாளை மலர்ந்திருக்கும். கிட்டப்போய்ப் பார்த்தால் அதன்மேல் அரிசியில் பாதி அளவே உள்ள கருவண்டுகள் கணக்கில்லாமல் மொய்த்துக்கொண்டிருக்கும். மட்டையில் கை பட்டால் பொலபொலவென்று கழுத்துப் பட்டைக்குள் விழும். "சனியன் பிடிச்ச பூச்சி" என்று உதறிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம்.

அந்தச் சனியன் பிடிச்ச பூச்சி 1981-ஆம் ஆண்டுக்கு முன்பு இந்த நாட்டிலேயே கிடையாது என்றால் நம்புவீர்களா? அது இன்று சம்பளம் இல்லாமல் செய்கிற வேலையை, அதற்கு முன் கையால் செய்துகொண்டிருந்தவர்கள் நம் அம்மாமார், அக்காமார் என்றால்?

கிள்ளானிலோ பந்திங்கிலோ பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கும் வயதான பெண்களில், அந்தக் காலத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பூவுக்குப் பவுடர் ஊதப் போனோம் என்பார்கள். பிள்ளைகள் சிரிக்கும். பூவுக்கு யாராவது பவுடர் போடுவார்களா என்று கேட்கும். போட்டார்கள். அதுவும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒரு மரம் விடாமல் சுற்றிச் சுற்றி வந்து போட்டார்கள்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்லவேண்டும். செம்பனையில் ஆண்பாளை வேறு, பெண்பாளை வேறு. ஒரே மரத்தில் இரண்டும் வரும், ஆனால் ஒரே நேரத்தில் வராது. சில மாதம் பெண்பாளையாகத் தள்ளும், பிறகு சில மாதம் ஆண்பாளையாகத் தள்ளும். எனவே ஒரு மரத்தின் பூ காயாக வேண்டுமானால் இன்னொரு மரத்திலிருந்து மகரந்தத் தூள் வந்து சேரவேண்டும். இளமரங்களில் தொல்லை இன்னும் அதிகம். நட்டு மூன்று ஆண்டில் காய்க்கத் தொடங்கும் மரங்கள் பெரும்பாலும் பெண்பாளையாகவே தள்ளும். காட்டில் ஆண்பாளையைத் தேடிப் பிடிக்கவேண்டி இருக்கும்.

எனவே மலர்ந்த ஆண்பாளையை வெட்டி வந்து, தூளை உதிர்த்து, சலித்து, ஈரம் போக உலர்த்தி, குழந்தைகளுக்குப் பூசுகிற டால்கம் பவுடரைப் போன்ற மாவோடு கலப்பார்கள். கொஞ்சம் மகரந்தம், நிறையப் பவுடர். அதை ஊதுகுழல் பொருத்திய ரப்பர்ப் பந்திலோ குப்பியிலோ போட்டுக்கொண்டு பெண்கள் காட்டுக்குள் இறங்குவார்கள். மரத்துக்கு மரம் குனிந்து, முள் மட்டையை விலக்கி, பெண்பாளை விரிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பூவின் நிறம் தந்தம் போல வெளுத்திருந்தால் அது தயார். நிறம் மங்கிக் கருஞ்சிவப்பாக மாறிவிட்டால் நேரம் தப்பிவிட்டது. பூ தூளை ஏற்கிற நேரம் ஏறக்குறைய இரண்டு நாள்தான். அதனால்தான் ஓயாத சுற்று. பாளையை மூடியிருக்கும் நார்மடலைக் கிழித்துத் திறந்து, நாலு பக்கமும் ஊதவேண்டும். பின்பக்கம் விட்டுப்போனால் அந்தப் பக்கம் காய் பிடிக்காது. குலை பழுத்து வெட்டும்போது எந்தப் பக்கம் சொத்தை என்று மண்டோருக்குத் தெரிந்துவிடும், யார் ஊதியது என்பதும் தெரிந்துவிடும்!

நிற்க. காற்று இருக்கிறதே, அது இந்த வேலையைச் செய்யாதா என்று கேட்கலாம். அந்தக் காலத்துப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. செம்பனை காற்றினால் கருவுறும் மரம் என்று எழுதி வைத்திருந்தார்கள். துரைமார் படித்ததும் அதுதான். ஆனால் காட்டுக்குள் குனிந்து நிமிர்ந்த பெண்களுக்குத் தெரியும், ஊதாமல் விட்ட பாளையில் பாதிக்காய் வெறும் சதை, உள்ளே பருப்பு இருக்காது, சில குலைகள் மரத்திலேயே அழுகிப்போகும். காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. காய்தான் பிடிக்கவில்லை. அதிலும் சபா மாநிலத்தில் நிலைமை படுமோசம். இங்கே தீபகற்பத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு இலைப்பேன் கொஞ்சம் தூளைச் சுமந்துகொண்டிருந்தது. அங்கே அதுவும் சரியாக இல்லை. கையால் ஊதினால்தான் குலை.

இதற்குக் காரணம் மரத்தின் பிறப்பிலேயே இருந்தது. செம்பனை நம் மண்ணின் மரம் அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848-இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. அவற்றின் வாரிசுகள் சுமத்ராவுக்குப் போய், அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. 1917-இல் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூரில் வணிக முறையில் முதல் செம்பனைத் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! ஆம், நம் தமிழ்த் தென்னைமரம்தான். இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம் அந்தப் பெயரை இன்றும் பார்க்கலாம். செம்பனைக்கு வழிகாட்டிய தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் அமைந்ததை என்னவென்று சொல்வது!

மரம் வந்தது. அதோடு ஆப்பிரிக்காவில் காலங்காலமாகக் கூடி வாழ்ந்த பூச்சி வரவில்லை. மணப்பெண் மட்டும் கப்பலேறி வந்துவிட்டாள், தூது போகிற தோழி ஊரிலேயே நின்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கேமரூனில் கிடைத்த விடை

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டங்களில் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மலாயாவிலும் சபாவிலும் செம்பனையோடு காலம் தள்ளியவர். அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்கும் போயிருக்கிறார் (நம் கேமரன் மலை அல்ல, இது வேறு). அங்கே யாரும் பவுடர் ஊதவில்லை, ஆனாலும் குலை நிறையக் காய். பாளையின்மேல் வண்டுகள் மொய்ப்பதையும் பார்த்தார். இங்கே ஏன் அப்படி இல்லை என்ற கேள்வி அவர் மனதை விட்டுப் போகவில்லை. காற்றுதான் என்று நிபுணர்கள் சொன்ன பிறகும் போகவில்லை. பின்னாளில் தோட்டப் பிரிவின் தலைமைக்கு வந்ததும், அந்தக் கேள்விக்கு விடை தேட ஆள் அனுப்பினார்.

போனவர் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் நிபுணர் டாக்டர் ரஹ்மான் சையத். காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டுக் கழகத்தைச் சேர்ந்தவர், நம் நாட்டுச் செம்பனைப் பூச்சிகளை முன்பே ஆராய்ந்தவர். 1977-இல் கேமரூனுக்குப் போய் அவர் செய்தது, கேட்டால் எளிமையாகத் தோன்றும். பெண்பாளைக்கு வலை கட்டினார். காற்று போகும், தூள் போகும், பூச்சி போகமுடியாது. வலை கட்டிய பாளையில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. வலை கட்டாத பாளையில் குலை நிறைந்தது. காற்றுதான் என்று எழுதி வைத்ததெல்லாம் அதோடு முடிந்தது.

பிறகு எந்தப் பூச்சி என்று பார்த்தார். ஒன்றல்ல, பல வகை மூக்குவண்டுகள் பாளைக்கு வந்துபோயின. அவற்றில் மழையிலும் வெயிலிலும் சளைக்காமல், உடம்பின் மயிரில் நிறையத் தூளைச் சுமந்து போவது எலெய்டோபியஸ் கேமரூனிகஸ் என்ற வண்டு. பெயர் வாயில் நுழையாது, பரவாயில்லை. அதன் வாழ்க்கை முறைதான் நமக்கு முக்கியம்.

ஆண்பாளை மலரும்போது அந்தச் சோம்பு வாசனை கிளம்புகிறது. வண்டு அதைத் தேடி வருகிறது. அங்கேயே தின்னும், கூடும், முட்டையிடும். புழு வாடிப்போன ஆண்பூவைத் தின்று வளரும். முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம். சரி, பெண்பாளைக்கு ஏன் போகிறது? அங்கே அதற்குத் தின்ன ஒன்றும் கிடையாது. ஆனால் பெண்பாளையும் விரியும்போது அதே வாசனையை விடுகிறது! ஏமாந்து போய் இறங்குகிறது வண்டு. இறங்கி நடந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து திரும்பிவிடுகிறது. அதற்குள் அதன் உடம்பில் ஒட்டியிருந்த தூள் பூவில் உதிர்ந்துவிடுகிறது. நார்மடலைக் கிழிக்கவேண்டாம், பின்பக்கம் விட்டுப்போகாது. பூவின் சந்துபொந்தெல்லாம் நுழைந்து வரும்.

ஓர் அந்நிய நாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விடுவது விளையாட்டுக் காரியம் அல்ல. நாளைக்கு அது தென்னையைத் தின்றால்? நெல்லில் இறங்கினால்? செம்பனையை வாட்டிக் கொல்லும் ஒரு நோய் ஆப்பிரிக்காவில் உண்டு, இங்கே கிடையாது. வண்டின் காலில் ஒட்டிக்கொண்டு அதுவும் வந்துவிட்டால்? எனவே வேறு பயிர்களின்மேல் விட்டுப் பார்த்தார்கள், அவற்றில் அது பெருகவில்லை. செம்பனையின் ஆண்பூ இல்லாமல் அதற்கு வாழ்வே கிடையாது என்று தெரிந்தது. அரசாங்கத்தின் அனுமதி வாங்கி, 1980-இல் கொண்டுவந்து, வெளியே விடாமல் அடைத்து வளர்த்துச் சோதித்தார்கள். 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் பக்கம் பாமோல் தோட்டத்தில் முதலில் திறந்து விட்டார்கள். அடுத்து சபாவில்.

அதன் பிறகு யாரும் அதைச் சுமந்து திரியவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தானே பறந்தது, தோட்டம் தோட்டமாகப் பெருகியது. கொஞ்ச காலத்தில் சிலாங்கூரிலும் கேரித்தீவிலும் பந்திங்கிலும் ஆண்பாளைகள் கறுத்து மொய்க்கத் தொடங்கின. 1981-இல் நாடு முழுவதும் எடுத்த செம்பனை எண்ணெய் ஏறக்குறைய 28 லட்சம் டன். 1982-இல் 35 லட்சம். ஒரே ஆண்டில் நாலில் ஒரு பங்கு கூடியது! புதிதாக நட்ட மரங்கள் காய்ப்புக்கு வந்ததும் ஒரு காரணம். ஆனால் வண்டின் பங்கை ஆலைக்காரர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். குலை கனத்தது, காய் நெருங்கியது, வேக வைக்கவும் உதிர்க்கவும் கூடுதல் நேரம் பிடித்தது. கொட்டைப் பருப்பு வந்து குவிந்து, அதை உடைக்க எந்திரம் போதாமல் தவித்தார்கள். மறு ஆண்டு, 1983-இல், விளைச்சல் 30 லட்சம் டன்னுக்கு இறங்கியது. திடீரென்று அளவுக்கு மீறிக் காய்த்த மரம் களைத்துப்போனது ஒரு காரணம், வறட்சி இன்னொரு காரணம் என்றார்கள். பிள்ளை பெற்ற உடம்புபோல மரத்துக்கும் ஓய்வு வேண்டியிருக்கிறது பாருங்கள். பிறகு மீண்டும் ஏறியது.

விஞ்ஞானிகளுக்கு மரியாதை செய்யவேண்டியதுதான். ஒரு சொட்டு மருந்து இல்லாமல், ஓர் எந்திரம் இல்லாமல், மலேசியாவின் வருமானத்தை உயர்த்திய ஆராய்ச்சி இது. ஆனால் இந்தப் பகுதியைப் படிப்பவர்கள் இன்னொரு கணக்கையும் கேட்பார்கள். பவுடர் ஊதிய பெண்கள் என்ன ஆனார்கள்?

அந்த வேலை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. முள்ளுக்குள் கைவிடும் வேலை ஒழிந்ததில் நிம்மதி அடைந்தவர்கள் இருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அது பூவின் நிறம் பார்த்துப் பக்குவம் அறிகிற, கண்ணும் கையும் பழகிய வேலை. அதற்குப் பதிலாகப் பெண்களுக்கு எஞ்சியது உரம் போடுவது, உதிரிப்பழம் பொறுக்குவது, முதுகில் டின்னைச் சுமந்து மருந்தடிப்பது. குலை வெட்டுகிற ஆண்களுக்கும் கணக்கு ஒரேமாதிரி இல்லை. டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குக் கனத்த குலை லாபம். குலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவருக்கு அதே குலை கூடுதல் சுமை, அவ்வளவுதான். வண்டு எல்லா மரத்துக்கும் சமமாகத் தூள் போட்டது. லாபம் சமமாகப் பங்கு போடப்பட்டதா என்பது வண்டின் கையில் இல்லை.

எலிக்கு வந்த விருந்து

வண்டு வந்ததில் இன்னொருவருக்கும் கொண்டாட்டம். எலிக்கு! ஆண்பாளைக்குள் வளரும் வண்டுப்புழுவைத் தின்ன எலிகள் பாளையைக் கடித்துக் குதறத் தொடங்கின. பழத்தைத் தின்பது போதாதென்று இப்போது கறியும் கிடைத்தது. செம்பனைக் காட்டை அப்படியே விட்டால் ஓர் எக்டரில் சில நூறு எலிகள் வாழும் என்று பல ஆண்டு எலி பிடித்து எண்ணிப் பார்த்த பூச்சி ஆராய்ச்சியாளர் பிரையன் வுட் காட்டியிருக்கிறார். எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு எலிக்கே போகும் என்பது அவருடைய கணக்கு.

எலிக்கு மருந்துக்கட்டி வைத்த அனுபவம் தோட்டத்தில் பலருக்கும் இருக்கும். சோளத்தோடு மெழுகு கலந்த கட்டி, மரத்துக்கு ஒன்று. தின்ற எலிக்கு இரத்தம் உறையாது, சில நாளில் செத்துவிடும். வார்ஃபரின் என்ற அந்த மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் 1980-களில் சில தோட்டங்களில் எலி அதைத் தின்றுவிட்டுத் தெம்பாகத் திரிந்தது. மருந்து பழகிவிட்டது. அதைவிடக் கடுமையான புது மருந்துகள் வந்தன.

இங்கேதான் ஆந்தை வருகிறது. ஆந்தை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். லயத்துக் கூரையில் ஆந்தை அலறினால் யாரோ போகப்போகிறார்கள் என்று நம் பாட்டிமார் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். சாக்குருவி என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். மலாய்க்காரர்களும் பூரோங் ஹந்து, பேய்ப்பறவை, என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளை முகத்தோடு, சத்தமே இல்லாமல் இருட்டில் பறந்து வந்தால் யாருக்குத்தான் பயம் வராது! நான் சொல்வது அந்த வெண்முகக் கூகையைத்தான்.

அது தீபகற்பத்தில் முன்பு அபூர்வம். 1960-களின் கடைசியில் ஜொகூரின் செம்பனைத் தோட்டத்தில் கூடு வைத்திருப்பதைக் கண்டார்கள். செம்பனை பரவப் பரவ, எலியைத் தேடி அதுவும் மேற்குக் கரை நெடுகப் பரவியது. ஆனால் அதற்கு ஒரு குறை. கூகை கூடு கட்டத் தெரியாத பறவை. மரப்பொந்தோ பழைய கட்டடத்தின் பரணோ வேண்டும். செம்பனையில் பொந்து ஏது? எனவே கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி அடித்து வைத்தார்கள். உள்ளே குடிவந்துவிட்டது.

அது என்ன தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கூகை எலியை அப்படியே விழுங்கும். சீரணமாகாத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்கடியில் கிடக்கும் அந்த உருண்டைகளைப் பொறுக்கி, பிரித்து, மண்டையோடுகளை எண்ணினார் கிரஹாம் லென்டன் என்ற ஆராய்ச்சியாளர். கிட்டத்தட்ட அத்தனையும் எலி! ஒரு சோடி, குஞ்சுகளையும் சேர்த்து, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலியைத் தின்கிறது என்று கணக்குக் கிடைத்தது. எந்தப் பெரட்டுக்கும் நிற்காமல், இரவு முழுவதும்.

ஆனால் பாருங்கள், நான் சொன்ன அந்தக் கடுமையான புது மருந்தைத் தின்ற எலியைக் கூகை தின்றால், விஷம் கூகைக்குள் போகிறது. ஒரு பக்கம் பெட்டி வைத்து அழைத்துவிட்டு, இன்னொரு பக்கம் விஷம் வைத்த தோட்டங்களில் கூகைகள் அற்றுப்போனதை 1984-இல் டக்கெட் என்பவர் எழுதினார். கோலாலம்பூரில் தோட்ட அதிகாரிகள் சங்கம் நடத்தும் 'தி பிளாண்டர்' இதழில் வந்தது. துரைமார் படித்தார்கள். மருந்துக்கட்டி வைக்கப்போன தொழிலாளிக்கு யார் படித்துச் சொன்னார்கள்? பெட்டிக்கடியில் செத்துக் கிடக்கும் பறவையை முதலில் பார்ப்பவர் அவர்தானே.

எட்டு மணிப் பூ

மருந்து அடித்தால் பூச்சி போகும் என்ற எண்ணத்துக்கு இந்த நாட்டுச் செம்பனை ஒருமுறை நல்ல சூடு வாங்கியிருக்கிறது. இலைத் துணுக்குகளால் பை தைத்துக்கொண்டு மட்டையில் தொங்குமே, மலாய்க்காரர்கள் உலாட் பூங்குஸ் என்பார்களே, அந்த மூட்டைப்புழு. 1950-களில் டி.டி.டி., டீல்டிரின், எண்டிரின் என்று அதன்மேல் அடித்தார்கள். புழு குறையாமல் காடு காடாகப் பெருகி மட்டையை ஈர்க்குச்சியாக்கியது. ஆராய்ந்து பார்த்த பிரையன் வுட், பைக்குள் இருந்த புழு தப்பித்துக்கொண்டது, அதைத் தின்னும் குளவிகளும் பூச்சிகளும்தான் செத்தன என்று கண்டார். மருந்தை நிறுத்திய தோட்டங்களில் மெல்ல மெல்லக் குளவி திரும்பியது, புழு அடங்கியது.

இன்று தோட்டச் சாலை ஓரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகக் காலையில் விரியும் செடியைப் பார்த்திருப்பீர்கள். பூங்கா புகுல் லாப்பான், எட்டு மணிப் பூ. துரை அழகுக்கு நட்டார் என்று நினைத்திருப்போம். அழகுக்கல்ல. மூட்டைப்புழுவைத் தாக்கும் குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன்தான் சாப்பாடு. களையென்று நினைத்து வெட்டித் தள்ளினால் குளவியைப் பட்டினி போடுகிறோம் என்று பொருள். மருந்து டின்னைத் தூக்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

டின்னைத் தூக்குகிறவர்களைப் பற்றிப் பேசினால் பாராகுவாட்டைச் சொல்லாமல் போகமுடியாது. புல்லுக்கு அடிக்கும் மருந்து. விழுங்கினால் மாற்று மருந்தே இல்லாத விஷம். நகம் கழன்று விழுந்ததும், மூக்கில் இரத்தம் வந்ததும், கண் மங்கியதும் மருந்தடித்த பெண்கள் சொல்லி வந்தவை. அவர்கள் சொன்னதைத் தெனாகணித்தா அமைப்பு எழுத்தில் பதிவு செய்து 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாள். வண்டைக் கேமரூனில் தேடத் தொடங்கியதிலிருந்து தோட்டத்தில் விடும்வரை நாலு ஆண்டு ஆனது. பெண்களின் கையைச் சுட்ட மருந்தை நிறுத்த, அறிவித்த நாளிலிருந்தே பதினேழு ஆண்டுக்கு மேல் ஆனது. இரண்டும் ஆராய்ச்சியைப் பொறுத்த விஷயந்தான். எது யாருக்கு அவசரம் என்பதில்தான் வித்தியாசம்.

மறுபடியும் பவுடர்

வண்டின் கதை 1981-ஓடு முடியவில்லை. 1979-இல் தொடங்கிய செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம், 2000-இல் மலேசிய செம்பனை வாரியமாக மாறியது. பாங்கியில் அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அங்கே உள்ளவர்களுக்கு ஒரு கவலை. சில இடங்களில், முக்கியமாக இளமரக் காடுகளில், மறுபடியும் காய் சரியாகப் பிடிப்பதில்லை. ஆண்பாளை குறைவாகத் தள்ளும் மரங்களை நட்டால் வண்டுக்கு வீடே இல்லை. தொடர்ந்து மழை பெய்தால் அது பறப்பதும் குறைகிறது. வண்டின் உடம்புக்குள் நூற்புழு ஒன்று குடியிருப்பதையும் கண்டிருக்கிறார்கள்.

அதற்கு அவர்கள் கையாளும் வழியைக் கேளுங்கள். வாடிய ஆண்பாளைகளை வெட்டி வந்து ஒரு பெட்டிக்குள் வைக்கிறார்கள். உள்ளே புழு வண்டாகிறது. வண்டு பெட்டியை விட்டு வெளியே பறக்குமுன், பக்குவம் செய்து வைத்த மகரந்தத் தூளை அதன்மேல் தூவிவிடுகிறார்கள். தூளைச் சுமந்துகொண்டு வண்டு நேரே பெண்பாளைக்குப் போகிறது. அதாவது பாளைக்கு ஊதாமல், வண்டுக்கு ஊதுகிறார்கள்!

ஆண்பாளையை வெட்டி, உலர்த்தி, சலித்து, தூளை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளும் பக்குவமெல்லாம் நம் பெண்களுக்குப் பழைய பாடம். செம்பனைக் காட்டில் நம்மவர் குறைந்து, இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிற காலம் இது. பவுடர் ஊதியவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அந்த வேலைக்கு உங்கள் தோட்டத்தில் என்ன பெயர் சொன்னார்கள், நாளுக்கு எத்தனை மரம் கணக்கு, எத்தனை காசு கூலி, வண்டு வந்த ஆண்டு கிராணி என்ன சொல்லி வேலையை நிறுத்தினார் என்பதெல்லாம் எந்த ஆராய்ச்சி அறிக்கையிலும் என் கண்ணில் படவில்லை. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, தோட்டத்தின் பெயரோடு இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, படித்துக்கொள்கிறோம்.